நுண்ணலையில் இறுகும் பல்செட்: மூன்று நிமிடக் கணக்கு குறித்த ஒரு மதிப்பீடு

கழற்றி மாட்டும் பல்செட்டின் ஈறு நிறத் தளத்தை வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்காக வேகவைக்காமல், நுண்ணலை அடுப்பில் வைத்துச் சில நிமிடங்களில் இறுகச் செய்வது நுண்ணலைப் பதப்படுத்தல் எனப்படுகிறது. ஜப்பானைச் சேர்ந்த நிஷீ 1968-இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். 1980-களில் கிமுராவும் அவருடைய குழுவினரும் ஆய்வைத் தொடர்ந்தனர். 1987-இல் டி கிளெர்க் எழுதிய கட்டுரை இம்முறையை ஆங்கிலம் படிக்கும் பல் மருத்துவர்களிடம் கொண்டுசேர்த்தது. அதன்பின் பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தி நிலையாக ஒதுக்கப்பட்டது. வேகம், தூய்மை, நல்ல பொருத்தம் ஆகியவை அதில் நிறைகளாக வரும். குறை என்று சொன்னால் பிளாஸ்கின் விலை மட்டும் வரும்.

வேகம் உண்மைதான். அந்த வேகத்தில் மிச்சமாகும் நேரம் யாருடையது என்று மட்டும் அந்தப் பத்தி கேட்பதில்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற துறைமுக, ஆலைப் பகுதியில் நாள்கூலிக்குப் போகும் ஒருவருக்குப் பல்செட் செய்வதாக வைத்துக்கொண்டு பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ரப்பரிலிருந்து அக்ரிலிக்குக்கு

அச்சுக்குள் திணித்துச் சூட்டில் இறுக்கும் வேலை திருவொற்றியூருக்குப் புதிதல்ல. 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாக அங்கே தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் ஆலையாக வளர்ந்தது. டயர் ரப்பரும் கந்தகத்தோடு சேர்ந்து சூட்டில்தான் இறுகுகிறது. கந்தகத்தின் அளவைப் பல மடங்கு கூட்டினால் ரப்பர் மரம்போலக் கெட்டியாகும். வல்கனைட் என்ற அந்தக் கடின ரப்பரில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் உலகெங்கும் பல்செட் தளங்கள் செய்யப்பட்டன. 1937 வாக்கில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் அக்ரிலிக் வந்தது. ஈறின் நிறமும் வேலையின் எளிமையும் சேர்ந்து பத்தே ஆண்டுகளில் வல்கனைட்டை ஒதுக்கிவிட்டன.

அக்ரிலிக் தூளையும் மோனோமர் திரவத்தையும் கன அளவில் 3-க்கு 1 என்று கலந்தால் பிசைந்த மாவு போல வரும். மெழுகை உருக்கி வெளியேற்றிய ஜிப்சம் அச்சுக்குள் அதை வைத்து அழுத்துவார்கள். அச்சைத் தாங்கும், இரண்டு பாதியாகப் பிரியும் பெட்டிதான் பிளாஸ்க். தூளில் உள்ள பென்சாயில் பெராக்சைடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதைந்து வினையைத் தொடக்கும். வினை நடக்கும்போது பொருள் தானாகவும் சூடேறும். மோனோமரின் கொதிநிலை ஏறக்குறைய 100 டிகிரி. தடித்த பகுதியில் வெப்பம் அதைத் தாண்டினால் திரவம் கொதித்துக் குமிழிகளை விட்டுச் செல்லும். இதைத் தவிர்க்கத்தான் தொட்டியை 74 டிகிரியில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைக்கிறார்கள். அவசரம் என்றால் 74-இல் இரண்டு மணி நேரம், பிறகு 100-இல் ஒரு மணி நேரம்.

நுண்ணலை செய்வது என்ன?

வெந்நீர் வெளியிலிருந்து சூடாக்குகிறது. உலோகப் பிளாஸ்கையும் ஜிப்சத்தையும் கடந்துதான் சூடு உள்ளே போக வேண்டும். 2,450 மெகாஹெர்ட்ஸ் நுண்ணலையோ மோனோமர் மூலக்கூறுகளை நேரடியாக அசைத்து உள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது. வினை முன்னேற முன்னேற மோனோமர் குறைகிறது. எனவே உறிஞ்சப்படும் ஆற்றலும் குறைகிறது. முறை தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்பது இதன் ஆதரவாளர்களின் முக்கிய வாதம். வாதம் அழகானது, பாதி சரியானதும்கூட. வினையால் எழும் சூட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அந்தச் சூடு ஜிப்சத்தைத் தாண்டி வெளியேற நேரம் எடுக்கும். வழக்கமான தொட்டி அக்ரிலிக்கை அதிக வாட்டில் வைத்த சோதனைகளில் தடித்த இடங்களில் குமிழி விழுந்தது இதனால்தான்.

ஆகவே இம்முறைக்கென்றே தனி அக்ரிலிக்குகள் வந்தன. ஜப்பானின் ஜி.சி. நிறுவனம் தந்த ஆக்ரான் எம்.சி.க்கு 500 வாட்டில் 3 நிமிடம் என்பது பரவலாக அறியப்பட்ட அளவு. பிரேசிலின் ஒண்டா கிரில் வேறு வழியில் போகிறது: குறைந்த வாட்டில் 3 நிமிடம், 4 நிமிடம் நிறுத்தம், பிறகு கூடுதல் வாட்டில் 3 நிமிடம். நடுவில் வரும் அந்த நிறுத்தம் வினைச்சூடு அடங்குவதற்கானது. உலோகம் நுண்ணலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கண்ணாடியிழை சேர்ந்த பிளாஸ்டிக் பிளாஸ்க் தேவை. அதன் விலை அதிகம். அழுத்தித் திருகப்படுவதால் சில பல்செட்டுகளுக்குப் பிறகு விரிசலும் விடும்.

பலம் குறித்த முடிவுகளில் பெரிய வியப்பு எதுவும் இல்லை. சரியாகச் செய்தால் நுண்ணலைப் பல்செட் தொட்டிப் பல்செட்டுக்கு ஏறக்குறைய இணையாக இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 20795-1 தரநிலையும் இரண்டு வகைக்கும் ஒரே எல்லையைத்தான் வைக்கிறது: வளைவு வலிமை குறைந்தது 65 மெகாபாஸ்கல், எஞ்சிய மோனோமர் 2.2 விழுக்காட்டுக்குள். இந்த இரண்டாவது எண் நோயாளியின் வாயைத் தொடுவது. எஞ்சிய மோனோமர் கூடினால் சிலருக்கு ஈறு எரியும், புண்ணாகும்.

வாட் என்ற பொய்

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வீட்டு உபயோக அடுப்பை வாங்கி வைக்கும் கூடங்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். சாதாரண அடுப்பில் 500 வாட் என்று திருகினால் பெரும்பாலும் 500 வாட் வருவதில்லை. முழு ஆற்றலும் சில நொடி வரும், சில நொடி நிற்கும், சராசரிதான் 500. சோற்றைச் சூடாக்க அது போதும். குமிழிக்கு அஞ்சும் மோனோமருக்கு அந்தச் சில நொடி முழு ஆற்றலே ஆபத்து. அடுப்புக்குள் எல்லா இடமும் ஒரே அளவு சூடாவதும் இல்லை. பழைய அடுப்பின் ஆற்றல் பெயர்ப்பலகையில் எழுதியதைவிடக் குறைந்தும் போகும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் நீரை 2 நிமிடம் வைத்து வெப்பமானியில் பார்க்கலாம். 500 வாட் உண்மையில் நீருக்குள் போயிருந்தால் வெப்பநிலை சுமார் 14 டிகிரி ஏறியிருக்கும். அடுப்பின் வகையையும் இப்படி அளந்த ஆற்றலையும் சொல்லாமல் வாட்டையும் நிமிடத்தையும் மட்டும் தரும் கட்டுரையை வைத்து இன்னொருவர் அதே பல்செட்டைச் செய்ய முடியாது. மோனோமர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதையும், அந்த அடுப்பில் பிறகு யாரும் உணவு வைக்கக் கூடாது என்பதையும் தனியே சொல்ல வேண்டியிருப்பது வருத்தமே.

மிச்சமாகும் நேரம் யாருடையது?

வடசென்னைக்காரருக்கு அருகிலுள்ள பெரிய அரசு இடங்கள் ஸ்டான்லி மருத்துவமனையும், 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும். எங்கே போனாலும் முழு பல்செட்டுக்கு வழக்கமான வருகை ஐந்து: முதல் அச்சு, இறுதி அச்சு, தாடை அளவு, மெழுகில் வைத்துப் பார்த்தல், மாட்டுதல். பிறகு உராயும் இடத்தைத் தேய்க்க இன்னும் ஓரிரு முறை. எண்ணூரிலிருந்து கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பஸ்ஸில் வருபவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி. தொட்டியின் எட்டு மணி நேரம் கடைசி இரு வருகைகளுக்கு இடையே, பெரும்பாலும் இரவில், ஆளில்லாமல் ஓடிவிடுகிறது. அதை மூன்று நிமிடமாக்கினாலும் ஐந்து வருகை ஐந்தாகவே இருக்கும்.

மொத்தமாகச் செய்யும்போது கணக்கு இன்னும் தலைகீழாகிறது. கேரளத்தின் மந்தஹாசம், கர்நாடகத்தின் தந்த பாக்யா போல ஏழை முதியோருக்கு இலவசப் பல்செட் தரும் திட்டங்களில் ஒரே நேரத்தில் பலருக்குச் செய்ய வேண்டும். தொட்டியில் பல பிளாஸ்குகளை ஒன்றாக இறக்கலாம். அடுப்பில் ஒன்றோ இரண்டோதான். மேல், கீழ் என ஒருவருக்கே இரண்டு. ஒவ்வொன்றையும் மெதுவாக ஆறவிடவும் வேண்டும். சூட்டோடு திறந்தால் தளம் கோணும். டெக்னீஷியன் அடுப்பருகே நின்றாக வேண்டும்.

முறையை ஒதுக்கிவிடவும் முடியாது. 2012-இல் சென்னையில் நாளுக்கு 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் அதைவிட அதிகம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் ஊருக்கு மின்சாரம் தந்தது, ஆனாலும் சிறு கூடத்தின் எட்டு மணி நேரச் சுற்று நடுவில் அறுந்தால் அந்தத் தொட்டியிலுள்ள எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மூன்று நிமிடச் சுற்றுக்கு அந்தப் பயம் இல்லை.

இன்னொரு இடம் உடைந்த பல்செட். அதை அறை வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக்கால் ஒட்டித் தருவதுதான் வழக்கம். அந்த வகையில் எஞ்சிய மோனோமர் கூடுதலாக இருக்கும். தரநிலையே அதற்கு 4.5 விழுக்காடு வரை விட்டுக்கொடுக்கிறது. ஒட்டி இறுகியபின் சிறிது நேரம் நுண்ணலையில் வைத்தால் அந்த அளவு குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. காலையில் உடைந்த பல்செட்டோடு வந்தவர் அன்றே, வாய் எரியாத பல்செட்டோடு திரும்பலாம். நுண்ணலையால் அவருக்கு உண்மையிலேயே ஒரு நாள் கூலி மிச்சமாவது இங்கேதான்; பாடநூல் பத்தியில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.