ஊர்க்கிணற்றுத் தாளம்

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் புறப்பட்டால், நெரிசலில் ஒரு முழு ஆல்பத்தையே கேட்டு முடித்துவிடலாம். நான் அப்படித் தேயத் தேயக் கேட்டது 'திவாலி'. ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசைத் தொகுப்பு. பெயருக்காகத்தான் முதலில் எடுத்தேன். 1845 முதல் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள், பெரும்பாலும் வடக்கத்தியர்கள். தீபாவளி அங்கே திவாலி. நம் காதுக்குத் திவால் மாதிரி கேட்கிறது, போகட்டும்.

தொகுப்பு முழுக்க லெங்கி என்கிற ஸ்டீவன் மார்ஸ்டன் அமைத்த ஒரே தாளம்; அதன்மேல் பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டு. 2002இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. நம் சினிமாவில் ஒரு மெட்டு ஒரு பாட்டுக்குத்தான் சொந்தம். ஜமைக்காவில் தாளம் ஊர்க்கிணறு. யாரும் வாளியை இறக்கலாம்.

"எல்லாம் ஒரே பாட்டுதானே லா, மாத்துங்கண்ணே" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி. பத்துமலையில் ஒரே உருமி அடிக்கு ஒரு குழு முருகனையும் அடுத்த குழு மதுரைவீரனையும் அழைக்கும்போது மட்டும் அவளுக்கு அலுப்பதில்லை.

இந்தத் தாளத்தின் உயிர் கைத்தட்டில் இருக்கிறது. கும்மியில் கை, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழும். இங்கே கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்து காலை இடறிவிடுகிறது. இடறிய கால்தான் ஆடத் தொடங்குகிறது.

ஷான் பால் அந்தத் தட்டுகளின் இடுக்கில் சொற்களை வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்துச் சொருகுகிறார். ராகம் அதிகம் இல்லை, ஏறக்குறைய ஒரே சுரம். ஆனால் ஒரு அசை பிசகாது. அந்தப் பாட்டு, 'கெட் பிஸி', 2003இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது. வெய்ன் வொண்டருக்கு அவசரமே கிடையாது. கைத்தட்டைக் கீழே ஓடவிட்டு, மேலே காதலை நீளமாக இழுக்கிறார். அதே வேகம்தான், ஆனால் தாளமே நிதானமாகிவிட்டது போல ஒரு மயக்கம். அடுத்து பவுன்டி கில்லரின் கரகரத்த குரல் வறியவர் படும் பாட்டைச் சொல்ல வரும்போது, காதலுக்குத் துணைநின்ற அதே கைத்தட்டு சவுக்கடியாகிறது. எலிஃபன்ட் மேன் கத்துகிறார். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்த பாட்டு இந்தத் தொகுப்பில் இல்லை. நியூயார்க் பெண் லூமிடி 2003இல் இதே தாளத்தில் பாடியது. கிட்டத்தட்ட கைத்தட்டும் குரலும் மட்டுமே. சுதி அங்கங்கே நழுவுகிறது. பேருந்து நிறுத்தத்தில் தோழியோடு நின்று, யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தும் பாடுகிற குரல். தேறிய பாடகி யாராவது பாடியிருந்தால் அந்த நழுவலைத் திருத்தியிருப்பார், பாட்டும் போயிருக்கும்.