டுபாக் ஷக்கூரைப் பயிற்றுவித்தல்: வாழ்வும் கூற்றும்

ராப் எனப்படும் சொல்லிசைப் பாடலை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர் பெரும்பாலும் பாடகரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகின்றார். நாமும் அவ்வாறே தொடங்கினோம். ஒப்பிலக்கிய வகுப்பில் அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் டுபாக் ஷக்கூரின் (1971-1996) இரு பாடல்களை நடத்த முற்பட்டபோது, ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பொன்றை மாணவர்க்கு வழங்கினோம். அக்குறிப்பில் இருந்த குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த தாய் அஃபெனி கருவுற்ற நிலையில் நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடி 1971 மே மாதம் விடுதலை பெற்றதும், அடுத்த மாதம் மகன் பிறந்ததும், பால்டிமோர் கலைப்பள்ளியில் அவர் பயின்றதும், 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு ஆறு நாள்களில் தமது 25ஆம் அகவையில் மறைந்ததும் அதில் இடம்பெற்றிருந்தன. 1994இல் பாலியல் அத்துமீறல் வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது இடம்பெறவில்லை. மாணவர் கவனம் சிதறும் என்பது நாம் எமக்கே கூறிக்கொண்ட காரணம்.

முதலில் நடத்திய பாடல் 1991இல் வெளிவந்த 'பிரெண்டாஸ் காட் எ பேபி'. நாளேட்டுச் செய்தியொன்றிலிருந்து பிறந்தது அது. பன்னிரண்டு அகவைச் சிறுமி உறவினன் ஒருவனால் கருவுற்று, குழந்தையைக் குப்பையில் இட்டு, அதன் அழுகுரல் கேட்டு மீண்டும் எடுத்து, வீட்டாரால் கைவிடப்பட்டு, இறுதியில் தெருவில் கொலையுண்டு கிடக்கின்றாள். பாடல் ஊர்வம்பின் தொனியில் தொடங்குவது குறிப்பிடத்தக்கது. அது அவள் குடும்பத்தின் சிக்கல் என்று இடையில் ஒரு குரல் ஒதுங்குகின்றது. அது சமூகம் முழுவதையும் எவ்வாறு தாக்குகின்றது எனக் காட்டவே பாடுவோன் கதையை எடுத்துரைக்கின்றான். மாணவர் உருகினர். பாடம் முடிந்தது என்றே கருதினோம்.

மறுவாரம் மாணவி ஒருவர் அவ்வழக்கைத் தாமே தேடிப் படித்து வந்து, "இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். விடை எம்மிடம் இல்லை.

தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகக் கூறும் 'கூற்று' எம் மாணவர்க்கு அறிமுகமானது. பாடுவோன் வேறு, புலவன் வேறு என்று கூறித் தப்பிவிடலாம் என ஒரு கணம் எண்ணியதை மறைப்பதற்கில்லை. ஆனால், அகப்பாடலில் அப்பிரிவினை எளிது. அங்குப் புலவன் தன் வாழ்வை முன்வைப்பதில்லை. சொல்லிசைக் கலைஞரோ தம் வாழ்வையே தம் பாடலுக்குச் சான்றாக நிறுத்துகின்றார். அச்சான்றில் நமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வு நெறியாகாது. மறுபுறம், பாடல் 1991க்கு உரியது. வழக்கிற்குக் காரணமான நிகழ்வு 1993இல் நேர்ந்தது. பின் நிகழ்ந்ததை முன் எழுதியதற்கு உரையாக்கவும் இயலாது.

ஆயினும் மாணவியின் கேள்வி பனுவலில் நாம் காணாதுவிட்ட ஒன்றைக் காட்டிற்று. பாடலில் பிரெண்டாவின் தாய் பேசுகின்றாள், ஊர் பேசுகின்றது, பிரெண்டா பேசுவதில்லை. அவள்பால் இத்துணை இரக்கம் கொண்ட பாடலிலும் அவளுக்கெனக் கூற்று இல்லை. வழக்கை மறைத்த வகுப்பில் இதனை எவரும் கவனிக்கவில்லை, நாம் உட்பட.

'டியர் மாமா' (1995) பாடலில் சிக்கல் வேறு வகையானது. தாய்மையைப் போற்றும் பாடல் என்பதால் ஆசிரியர்க்கு அது உவப்பானது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிலும் இடம்பெற்றது. ஆனால், தாயின் போதைப் பழக்கத்தை மகன் அதில் மறைக்கவில்லை. அவ்வடிகளை நீக்கிவிட்டு நடத்தினால் எஞ்சுவது வாழ்த்து அட்டை.

இப்போது பாடலை முதலில் கேட்கச் செய்து, குறிப்பைப் பின்னரே வழங்குகின்றோம். தீர்ப்பும், ஒன்றரை முதல் நான்கரை ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையும், குற்றத்தை அவர் மறுத்து வந்ததும் அதில் உள்ளன. கடந்த பருவத்தில் இருவர் பிரெண்டா பாடலைப் பற்றி எழுத விரும்பவில்லை என்றனர். காரணம் கேளாது மற்றப் பாடலை எழுத இசைந்தோம்.