சிலம்பில் ஒரு சொல்: காண்

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்துச் செல்வோர்க்கு ஒன்று புலப்படும். நாடுகாண் காதை, காடுகாண் காதை, ஊர்காண் காதை, காட்சிக் காதை என நான்கு தலைப்புகளில் ‘காண்’ என்னும் வினையே நின்று பேசுகிறது. 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு அதனைப் பதிப்பித்த நாள் தொட்டு, கற்பின் காப்பியம் என்றும், ஊழின் காப்பியம் என்றும் அந்நூலைப் போற்றி வருகிறோம். அது காட்சியின் காப்பியமுமாகும் என்பதே நாம் இங்குக் கூற விழைவது.

காண் என்பது எந்நூலிலும் பயிலும் எளிய சொல்லாயிற்றே, இதில் என்ன சிறப்பு எனலாம். சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. அச்சொல் நிற்கும் இடங்களில் உள்ளது.

நாடுகாண் காதையில் காண்பது இனிய செயல். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக்கரையின் வளங்களைக் கண்டு நடக்கின்றனர். காடுகாண் காதையில் அச்செயலே ஐயத்திற்கு இடமாகிறது. கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் வந்து பேசுகிறது. கோவலன் கண்டதை அப்படியே நம்பவில்லை. மந்திரத்தால் சோதித்து மெய்யுணர்கிறான். கண்டபின் ஆராய வேண்டும் என்னும் நெறியை, பிறர் ஆராயாமையால் மாளப்போகும் அவனே நமக்குக் காட்டித் தருகிறான்.

ஊர்காண் காதையில் அவன் மதுரைத் தெருக்களைச் சுற்றி வருகிறான். மணிகளின் குற்றமும் குணமும் தேரும் கடைத்தெருவை அடிகள் விரித்துரைப்பதை வெறும் நகர வருணனை என்று கடந்துவிடுதல் கூடாது. கல்லைத் தேர்ந்து காணும் அந்நகரம் மனிதனைத் தேர்ந்து காணவில்லை. கொலைக்களக் காதையில் காவலர் கோவலனை நேரிற் கண்டு, இவன் கொலைக்குரிய தோற்றத்தினன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லனோ களவு நூலை விரித்துரைத்து அவர்தம் கண்ணைச் சொல்லால் மறைத்து விடுகிறான். மன்னன் கோவலனைக் காணவே இல்லை, காணாமலே ஆணையிட்டான். கோப்பைத் திறவாமலே ‘கண்டேன்’ என்று கையொப்பமிடுவோர் எக்காலத்தும் உண்டு. பாண்டியன் ஆணையும் அத்தகையதே. ஆனால் அதன் விலை ஓர் உயிர்.

கொலையை அடுத்து வருவது ஆய்ச்சியர் குரவை. திருமாலைக் காணாத கண்ணும் ஒரு கண்ணோ என்னும் பொருள்பட ஆயமகளிர் பாடுகின்றனர். பக்தியில் பிறந்த அப்பாட்டு, முந்தைய காதையை நினைப்போர்க்கு மதுரையின்மேல் சாட்டிய குற்றமாகவும் ஒலிக்கும்.

வழக்குரை காதையில் கண்ணகி நீண்ட வாதம் புரியவில்லை. அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. அவள் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்தாள், மணி தெறித்தது, மன்னன் கண்டான். சொல்லால் மறைந்த கண் பொருளால் திறந்தது. காலங்கடந்த காட்சிதான், ஆயினும் கண்டதை அவன் மறுக்கவில்லை, பிறர்மேல் பழி போடவும் இல்லை. தன் உயிரையே ஈடாகத் தந்தான். அவன் பெருமை முழுதும் அதில் அடங்கும்.

வஞ்சிக் காண்டத்தில் காட்சி வேறொரு கைக்கு மாறுகிறது. பதினான்கு நாள் கழித்து, வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகி கணவனோடு விண்ணேறியதைக் கண்டவர் குன்றக் குறவர். மலைவளம் காண வந்து பேரியாற்றங்கரையில் தங்கிய செங்குட்டுவனிடம் அதனைச் சொன்னவரும் அவரே. அரசன் காணாததை எளியோர் கண்டனர். அவர் சொல்லைக் கேட்க மற்றோர் அரசன் இருந்தான். பத்தினிக்குக் கல் நட்டது அதன்பின் விளைந்ததே. வஞ்சி கருவூரா கொடுங்கல்லூரா என அறிஞர் வழக்காடுவர். கொடுங்கல்லூர் என்போர்க்கு அப்பேரியாறு நம் கொச்சிக்கு வடக்கே கடல் சேரும் பெரியாறேயாகும்.

இங்கே நம் இல்லங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பேச்சுத் தமிழில் ‘காண்’ இருந்த இடத்தைப் பெரும்பாலும் ‘பார்’ எடுத்துக்கொண்டது. பொருள் தொலைந்தால் ‘காணோம்’ என்கையில் மட்டும் பழஞ்சொல் எட்டிப் பார்க்கிறது. மலையாளத்திலோ ‘காணுக’ என்பது அன்றாட வழக்கு. ‘பார்க்குக’ என்றால் குடியிருத்தல் என்று பொருள். மட்டாஞ்சேரித் தெருமுனையில் தோழரைப் பிரியும் நம் பிள்ளைகள் ‘காணாம்’ என்று சொல்லி வீடு திரும்புகின்றனர். அவர்கள் தமிழை இழந்து வருகின்றனரே என வருந்தும் பெற்றோர் நம்மிடைப் பலர். வருத்தம் நியாயமானதே. ஆயினும் அடிகள் கையாண்ட வினை அப்பிள்ளைகள் நாவில் நம் நாவினும் உயிர்ப்போடு வாழ்கிறது என்பதையும் மறத்தலாகாது. தெருவில் கற்ற அச்சொல்லைப் பகையாக எண்ணாமல், அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு அவர்களைச் சிலம்பினுள் அழைத்துச் செல்லலாம்.

மாலைக்கு ஒரு காதை என்றால் முப்பது மாலைகள் போதும். ‘காண்’ வரும் இடந்தோறும் பிள்ளைகளையே கோடிடச் செய்வோம். மன்னன் எங்கே காணத் தவறினான் என்பதை அவர்களே கண்டு நமக்குச் சொல்வர்.