டகாரே மொழியின் எழுத்துமுறையும் கணினிப் பயன்பாடும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

நைஜர்-காங்கோ மொழிக் குடும்பத்தின் குர் கிளையைச் சார்ந்த டகாரே, கானா நாட்டின் வடமேற்கிலுள்ள அப்பர் வெஸ்ட் மண்டலத்திலும் எல்லைக்கு அப்பால் புர்கினா பாசோவின் தென்மேற்குப் பகுதியிலும் பேசப்படுகிறது. புர்கினா பாசோவில் ‘டகரா’ என்னும் பெயரே வழக்கில் உள்ளது. இத்தகைய மொழிகளின் எழுத்துகள் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டால் கணினிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. டகாரேயைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று. இங்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் எழுத்துமுறை குறித்த வினாவாகும். அவ்வினாவுக்கு மொழியினர் விடை காணுமுன் விசைப்பலகையை வடிவமைப்போர் விடையளித்துவிடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறப்பெழுத்துகளும் குறியேற்றமும்

கானா வழக்கிலுள்ள டகாரே எழுத்துமுறை, ரோமன் எழுத்துகளுடன் மூன்று சிறப்பெழுத்துகளைக் கொண்டது. முதலாவது, எண் 3-ஐ இடவலமாகத் திருப்பியது போன்ற திறந்த எகரம். இரண்டாவது, ரோமன் ‘சி’ எழுத்தைத் திருப்பி வைத்தது போன்ற திறந்த ஒகரம். மூன்றாவது, வால் நீண்ட ‘என்’ வடிவிலுள்ள ஙகர மெய். 1928இல் பன்னாட்டு ஆப்பிரிக்க மொழிகள், பண்பாடுகள் நிறுவனம் பரிந்துரைத்த எழுத்து மரபைச் சார்ந்தவை இவை. 1993இல் வெளிவந்த ஒருங்குறி 1.1 பதிப்பிலேயே மூன்றும் இடம்பெற்றுள்ளன. ஆகவே குறியேற்றம் தாமதமாயிற்று என்ற குறைக்கு இங்கு இடமில்லை.

எனினும் நடைமுறையில் ஓர் இடர் உண்டு. திறந்த எகர, ஒகரங்களின் சிற்றெழுத்துகள் பன்னாட்டு ஒலியியல் நீட்சித் தொகுதியிலும், பேரெழுத்துகள் லத்தீன் விரிவாக்கம்-பி தொகுதியிலும் வைக்கப்பட்டுள்ளன. ஒலியியல் குறிகளை மட்டும் கருதி உருவாக்கப்பட்ட எழுத்துருவில் சொல்லின் நடுவில் எழுத்து சரியாகத் தோன்றும். அதே எழுத்து வாக்கியத்தின் தொடக்கத்தில் வெற்றுக் கட்டமாகிவிடும். கானா மொழிகளில், குறிப்பாக அக்கான் மொழிக் குறுஞ்செய்திகளில், திறந்த எகரத்திற்கு எண் 3-ஐயும் திறந்த ஒகரத்திற்கு வலப்பக்கப் பிறை அடைப்பையும் இடும் வழக்கம் பரவியுள்ளது. படிப்போர்க்கு இது இடர் தருவதில்லை. கணினியோ ஒன்றை எண்ணாகவும் மற்றொன்றை நிறுத்தக்குறியாகவும் கொள்வதால் அங்கேயே சொல் முறிந்துவிடுகிறது.

ஏழா, ஒன்பதா?

இதனினும் ஆழமான சிக்கல் உயிரொலிகளில் உள்ளது. டகாரேயின் உயிரொலிகள் ஒன்பது என்பது மொழியியலார் காட்டும் கணக்கு. கானா எழுத்துமுறையில் உயிரெழுத்துகள் ஏழே. நாவடி முன்தள்ளியும் பின்வாங்கியும் ஒலிக்கப்படும் இருவகை இகரங்களுக்கு ஓரெழுத்தும், இருவகை உகரங்களுக்கு ஓரெழுத்தும் அங்கு வழங்குகின்றன. புர்கினா பாசோவின் டகரா எழுத்துமுறையோ இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகளை ஏற்றுள்ளது.

கானா முறையைக் குறையுடையது எனத் தள்ளிவிட இயலாது. டகாரேயில் உயிரொலி இயைபு உண்டு. ஒரு சொல்லில் வரும் உயிர்கள் பெரும்பாலும் ஒரே வகையினவாக அமையும். திறந்த எகரமோ ஒகரமோ உடன் வருமாயின், அச்சொல்லிலுள்ள இகரம் எவ்வகையினது என்பது தானே விளங்கும். இகர உகரங்கள் மட்டுமே வரும் சொற்களில்தான் எழுத்து கைவிடுகிறது. அங்கும் தாய்மொழியினர் தடுமாறுவதில்லை.

தொனியின் நிலையும் இத்தகையதே. உயர்வு, தாழ்வு என இரு தொனிகள் பொருளை வேறுபடுத்தினும் அன்றாட எழுத்தில் அவை குறிக்கப்படுவதில்லை. ‘டா’ என்னும் ஒரே எழுத்துக்கோவை இறந்தகாலம் காட்டும் இடைச்சொல்லாகவும், ‘வாங்கு’ என்னும் பொருளுடைய வினையாகவும் வரும். தொடரமைப்பே வேறுபாட்டை உணர்த்தும். படிப்பவரின் மொழியறிவை நம்பி அமைந்த எழுத்துமுறை இது. அவ்வறிவு இல்லாத ஒன்றிடம், அதாவது எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளிடம், இதனை ஒப்படைக்கும்போதுதான் விடுபட்டவை யாவும் வெளிப்படுகின்றன. இதனைக் காட்டி எழுத்துமுறையையே திருத்தக் கோருவது கருவிக்காகப் பயனரை மாற்றுவதாகும்.

விசைப்பலகை என்னும் தீர்ப்பு

ஏழு உயிர்களுக்கு மட்டும் விசை தரும் பலகை, கானா வழக்கையே ‘டகாரே’ என அறிவிக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ளோர் தம் எழுத்தைத் தட்டச்சு செய்ய வேறு பலகையை நாடவேண்டும். மொழிக் குறியீட்டுத் தரமான ஐஎஸ்ஓ 639-3-உம் தெற்கு டகாரே, வடக்கு டகரா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகளையே வழங்கியுள்ளது. வாலே, பிரிஃபோர் ஆகியவற்றுக்கும் வேறு குறியீடுகள் உள்ளன. இவற்றை ஒரே கிளைமொழித் தொடராகக் கண்டவர் அடம்ஸ் போடோமோ. 1997இல் வெளிவந்த ‘டகாரேயின் அமைப்பு’ என்னும் ஆங்கில நூலின் ஆசிரியர் இவர். பிழைதிருத்தியும் சொற்பட்டியலும் குறியீட்டின் வழியே அமைவதால், ஆய்வாளர் இணைத்துக் கண்டதைக் கணினி பிரித்தே கையாள்கிறது. ஏழெழுத்து முறையில் தேடுவோர்க்கு ஒன்பதெழுத்து முறையில் அச்சான நூல் கிட்டுவதில்லை.

இதற்குத் தொழில்நுட்ப வழி இல்லாமலில்லை. ஒருங்குறியின் வரிசைப்படுத்தல் நெறியை மொழிக்கேற்ப மாற்றியமைக்கலாம். அகராதி வரிசைக்கு ஒரு விதியும் தேடலுக்கு வேறொரு விதியும் வகுக்கலாம். தேடலில் மட்டும் இருவகை இகரங்களை ஒன்றாகக் கொண்டால், எவரும் தம் எழுத்தைக் கைவிடாமலே ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டடைய இயலும். எவ்வெழுத்துகளை இவ்வாறு ஒன்றாகக் கொள்வது என்னும் பட்டியலை மென்பொருள் நிறுவனம் வகுத்தல் பொருந்தாது. அது இரு நாட்டு ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் கூடி வகுக்கவேண்டியது.