எத்தனை ஆண்டு, எந்த மொழியில்?

புதுச்சேரியை அடுத்த கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையை வாசகர்கள் பலர் அறிவீர்கள். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தாரும் அங்கே வருகிறார்கள். அப்படி வரும் ஓர் உழவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐம்பது வயது; பள்ளிக்கூடம் போனதில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுப் பிழைத்தவர். கைகால் நன்றாக இருக்கின்றன. ஆனால் சொன்னதை மறக்கிறார், தொட்டதற்கெல்லாம் சினம் கொள்கிறார். காயம் எங்கே என்று ஸ்கேன் படம் காட்டும். சந்தைக்குப் போய் மாடு விற்றுப் பணத்தைச் சரியாகக் கொண்டுவருவாரா என்று காட்டாது. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவ நரம்பு உளவியலாளர்.

இவரை உருவாக்கும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் 1997-இல் ஹூஸ்டன் நகரில் கூடிய மாநாடு முனைவர் பட்டத்திற்குப் பின்னும் 2 ஆண்டு முழுநேரப் பயிற்சி வேண்டும் என்றது. பிரிட்டனில் மருத்துவ உளவியலில் தேறியவர், மேலும் ஒரு தனித் தகுதியைப் பெறுகிறார். பிரான்சிலோ 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ‘உளவியலாளர்’ என்ற பெயரை மட்டுமே காக்கிறது. நரம்பு உளவியலாளருக்குத் தனிக் காப்பு இல்லை. 1861-இல் பேச்சிழந்த நோயாளியின் மூளையை ஆராய்ந்து ப்ரோக்கா இத்துறைக்கு அடிகோலியது அந்த நாட்டில்தான்!

ஹூஸ்டன் அறிக்கையின் கண்டிப்பு பாராட்டத்தக்கது. குறுகிய தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்து இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நோயாளி யார் என்ற கேள்வியை அது போதிய அளவு கேட்கவில்லை. ஒரு சோதனையைப் பாருங்கள். குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் அடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ். நம் உழவரிடம் ‘ப’வில் தொடங்கும் சொற்களைக் கேட்டால் திகைப்பார். உடனே முன்மூளை பழுது என்று எழுதிவிடலாமா? விலங்குகளின் பெயரைக் கேளுங்கள், ஆடு, மாடு, நரி, கீரி என்று வரிசையாக வரும். எழுத்தறிந்தவரிடமும் சிக்கல் உண்டு. ‘ப’ என்றால் பா, பி, பு சேருமா, சேராதா? நினைவாற்றலைச் சோதிக்க ஒரு கதையை ஏட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினால், நாம் அளப்பது நினைவையா, பள்ளிப் படிப்பையா? இதற்கெல்லாம் ஹூஸ்டனின் 2 ஆண்டுகள் விடை தரா. 2022-இல் மினசோட்டாவில் கூடி அந்த விதிகளைத் திருத்த முனைந்தபோது, பண்பாடும் மொழியும் கூடுதல் இடம் பெற்றன.

நம் நாட்டு நிலை என்ன? 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 16 வகைத் தொழிலரைக் குறிப்பிட்டது. செவித்துணைக் கருவிக்குக் காது அச்சு செய்பவர்கூட அதில் உண்டு. நரம்பு உளவியலாளர் இல்லை! 2 ஆண்டு எம்.ஃபில். படித்த மருத்துவ உளவியலாளரே அந்த வேலையையும் பார்த்துவந்தார். அந்த எம்.ஃபில். பட்டத்தையே 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை கைவிட்டது. மருத்துவ உளவியலுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 வரை விலக்கு அளித்தது. ஆகவே புதிய பாடத்திட்டம் எழுதப்படும் காலம் இது. அமெரிக்க ஆண்டுக் கணக்கை அப்படியே படியெடுத்து ஒட்டிவிடுவார்களோ என்பதே என் அச்சம்.

வேறு வழி தெரியாமலும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கணக்கில் கொண்டு இயல்பளவுகளை வகுத்தது. பயிற்சி பெறுபவர் அத்தகைய சோதனைகளை, பள்ளி காணாத நோயாளிகளிடம் அவர்களுடைய பேச்சு மொழியிலேயே, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நடத்தித் தேற வேண்டும். புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலேயே மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. அங்கிருந்து வருபவரைத் தமிழில் சோதித்து மதிப்பெண் போடுவதும் தவறுதானே?