பழமும் பையும்

ஒரு வாழைப்பழம். அதனைச் சுவரில் நிறுத்த ஒரு துண்டு ஒட்டுநாடா. விலையோ 62 லட்சம் டாலர்!

கற்பனையன்று தோழர்களே, 2024 நவம்பரில் நியூயார்க் ஏல மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சி இது. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019ஆம் ஆண்டு மயாமி கலைச் சந்தையில் காட்டிய படைப்பு அது. அன்று அதன் விலை 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஐந்தே ஆண்டுகளில் ஐம்பது மடங்கு ஏறிற்று. ஏலத்தில் எடுத்த செல்வர், சில நாட்களுக்குள் ஹாங்காங்கில் செய்தியாளர்கள் முன்னிலையில் பழத்தை உரித்துத் தின்றார். தின்றாலும் கலை தீர்ந்துவிடாதாம். அவர் வாங்கியது, பழத்தை எவ்வாறு ஒட்டுவதென்னும் குறிப்பும் உரிமைச் சான்றிதழுமே. பழம் அழுகினால், மறுபழம்!

அப்பழத்தை ஏல மண்டபத்தின் அருகே தெருவோரக் கடையில் விற்றவர், வங்காள தேசத்திலிருந்து வந்த முதியவர். அவர் விற்ற விலை 35 சென்ட். தம் பழம் போன விலையைச் செய்தியாளர் சொல்லக் கேட்டு அவர் கண்ணீர் விட்டார் என ஏடுகள் எழுதின.

கலைச் சந்தையை எள்ளி நகையாடவே கட்டெலான் பழத்தை ஒட்டினார் என்பாரும் உளர். இருக்கட்டும். அந்த எள்ளலையே விலைபேசி வாங்கி, விழுங்கி, ஏப்பமும் விட்டுவிட்டதே சந்தை! தன்னை அடிக்க ஓங்கிய சாட்டையைச் சீமான் விலைக்கு வாங்கித் தன் கூடத்தில் அழகுக்கு மாட்டிக்கொண்டால், அதன்பின் அது சாட்டையா, அலங்காரமா?

இக்காலக் கலையின் எதிர்காலம் இவ்வளவுதானா எனச் சலிப்போருக்கு, இன்னொரு சுவரைக் காட்ட விழைகிறோம்.

2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் மாநிலத்தை நிலநடுக்கம் குலுக்கிற்று. பல ஊர்களில் பக்கத்துக் கட்டடங்கள் நிமிர்ந்து நிற்க, பள்ளிக் கட்டடங்கள் மட்டும் நொறுங்கி வீழ்ந்தன. கம்பியைக் குறைத்தது யார், காசைச் சுருட்டியது யார் எனப் பெற்றோர் கேட்டனர். அவர்கள் வாய் அடைக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், மாண்டும் மறைந்தும் போன மாணவர் 5,335 பேர் என அரசு அறிவித்தது.

அரசு எண்ணைச் சொன்னது. ஐ வெய்வெய் என்னும் கலைஞரோ பெயர்களைத் தேடினார். தொண்டர்களை ஊர் ஊராக, வீடு வீடாக அனுப்பி, 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டினார். 2009இல் காவலர் தாக்கியதில் தலையில் அடிபட்டு, மூளையில் குருதி கசிந்து, மியூனிக் நகரில் அறுவை மருத்துவம் பெற்றார். அதே நகரின் கலைக்கூடத்தின் முகப்பில்தான், அடுத்த மாதம், 9,000 பள்ளிப் பைகளை அடுக்கிச் சீன எழுத்துகளாக்கினார். மகளை இழந்த தாயொருத்தி, தன் குழந்தை இவ்வுலகில் மகிழ்ந்து வாழ்ந்த ஏழாண்டுகளைப் பற்றிச் சொன்ன சொல் அது. 1937இல் இட்லரின் ஆட்சி தன் பெருமை பேசக் கட்டித் திறந்த கூடம், நீதி கேட்கும் ஒரு தாயின் வாயாயிற்று!

பழமும் எளிய பொருள். பையும் எளிய பொருள். சுவரில் ஏறிய பழத்தில் பழம் மறைந்தது, விலை தெரிந்தது. சுவரில் ஏறிய பையிலோ, அதைச் சுமக்க வேண்டிய பிள்ளை தெரிந்தது. தொலைவில் நிற்போர்க்கு வண்ண விளம்பரம். நெருங்கினால் நெஞ்சை அறுக்கும் வெறுமை. கலை நயமும் இதுவே, சமுதாயப் பணியும் இதுவே. இவை இரண்டும் ஒன்றையொன்று கொல்லும் என்போர் இச்சுவரின் முன் நின்று பேசட்டும்.

எனினும் குறையை மறைத்தல் திறனாய்வாகாது. செருமானியத் தெருவில் நடந்தோரில் எத்தனை பேர் சீன எழுத்தைப் படித்திருக்க முடியும்? படிக்கத் தெரிந்த பெற்றோரோ கடல்கடந்த தொலைவில் இருந்தனர். யாருக்காகக் கலை பேசுகிறதோ அவர் கண்முன் அது நிற்க இயலவில்லை. கலைஞன் மேல் பழியில்லை. அவனை 2011இல் 81 நாள் அடைத்துவைத்த ஆட்சியின் பழி அது. ஆயினும் குறை குறையே. மண்டபத்தை விட்டு மன்றத்துக்கு வரும் வழியைத் தேடுவதில்தான் கலையின் எதிர்காலம் இருக்கிறது.

ஆசிரியத் தொழில் செய்யும் நாம் நாள்தோறும் காலையில் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கிறோம். ஒரு பெயருக்கு விடை வராவிடில், பிள்ளை எங்கே என்று கேட்கிறோம். ஐ வெய்வெய் செய்தது அதுதான். விடை வராத பெயர்களை நாடறிய அழைத்தார். அடுத்த முறை ஒரு புதுமைப் படைப்பின் முன் நிற்கும்போது, இதன் விலை என்ன என்று வியக்காதீர், தோழர்களே! இது யார் பெயரை அழைக்கிறது என்று கேளுங்கள்.