இடதுசாரிச் சிந்தனையும் இளம் வாசகரும்

இடதுசாரி அரசியற் சிந்தனையைப் பயில விரும்பும் மாணவர் முதலில் எந்த நூலைக் கையிலெடுக்க வேண்டும் என்னும் வினா ஆசிரியர்களிடம் அடிக்கடி எழுப்பப்படுவது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரு வகையின. ஒன்று, மாக்ஸ் தொடங்கி இன்றுவரை எழுதியோர் பெயர்களையெல்லாம் நிரைப்படுத்தும் நீண்ட பட்டியல். மற்றொன்று, யாவற்றையும் நூறு பக்கத்திற் சுருக்கித் தருவதாகக் கூறும் கைந்நூல். பட்டியல் மாணவரை மலைக்க வைக்கிறது. கைந்நூல் அவரை எல்லாம் அறிந்தவராகத் தம்மை எண்ண வைக்கிறது. இவ்விரண்டிற் பின்னதே பெருந்தீங்கு விளைப்பது என்பதையும், இச்சிந்தனையை அதன் மூலநூல்கள் வாயிலாக, அவற்றை மறுத்தோர் நூல்களோடு சேர்த்துப் பயில்வதே தக்க முறை என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைந்நூற் கல்வியின் இயல்புக்கு வரலாறே சான்று. சோவியத் ஒன்றியத்துப் பொதுவுடைமைக் கட்சியின் வரலாற்றைச் சுருக்கிக் கூறும் நூலொன்று 1938 ஆம் ஆண்டு வெளியாயிற்று. இயங்கியலையும் வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தையும் விளக்கும் அதன் பகுதியை எழுதியவர் ஸ்ராலின். மாக்சும் எங்கெல்சும் நாற்பதாண்டுக் காலம் ஆராய்ந்தும் திருத்தியும் வளர்த்த கருத்துகள் அங்கே இலக்கமிட்ட வாய்பாடுகளாயின. பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பல நாடுகளிற் பாடநூலாகப் பயின்ற அந்நூல், 1956 ஆம் ஆண்டு கட்சியின் இருபதாவது மாநாட்டில் குருஷேவ் ஸ்ராலினைக் கண்டித்ததன் பின்னர் வழக்கிலிருந்து வீழ்ந்தது. ஐயத்துக்கு இடமற்றதெனப் போற்றப்பட்ட நூல் குறிப்பிடவும் தகாததாயிற்று. மூலநூல்களைக் கற்றிருந்தோர் இம்மாற்றத்தை எடைபோட்டுப் பார்க்க வல்லவராயினர். கைந்நூலொன்றையே நம்பியிருந்தோர்க்கோ பற்றிக்கொள்வதற்கு வேறெதுவும் இருக்கவில்லை.

நம் தமிழ் மரபிலே இதனின் வேறுபட்ட கல்விமுறையொன்று உண்டு. அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞானசித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்துப் பிறர் மதங்களை எடுத்தோதி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். மறுப்புரையை அறியாது கொள்கையைக் கற்றல் பாதிக் கல்வியே என்னும் தெளிவு அம்முறையில் அமைந்துள்ளது. பொருளால் முற்றும் வேறுபட்டதாயினும், இடதுசாரிச் சிந்தனையைக் கற்பதற்கும் அம்முறை நன்கு பொருந்தும்.

முதலிற் கற்கத்தக்க நூல், கோட்பாட்டு நூலன்று. கண்டதைக் கண்டவாறு கூற முயன்ற நூலே. பிரெடரிக் எங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ அத்தகையது. அதனை எழுதியபோது அவருக்கு வயது 24. தந்தையார் பங்காளராயிருந்த பருத்தி ஆலையிற் பணிபுரிய மான்செஸ்ரர் நகருக்கு வந்த அவர், அந்நகரின் அமைப்பையே ஒரு சான்றாக வாசித்தார். செல்வர் தம் இல்லத்திலிருந்து அலுவலகம் செல்லும் பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் நிற்றலால், அவற்றின் பின்னேயுள்ள சேரிகள் அவர் கண்ணிற் படுவதேயில்லை என்னும் அவரது அவதானிப்பு நகரவாழ்வை நோக்குவார்க்கு இன்றும் பயன்படுவது. பாராளுமன்ற அறிக்கைகளையும் மருத்துவர் கூற்றுகளையும் அவர் தம் கண்கூடான காட்சிகளோடு இணைத்துக் காட்டுகிறார்.

இந்நூல் குறையற்றதன்று. அயர்லாந்துத் தொழிலாளரைப் பற்றிய பகுதியில் அக்காலத்து ஆங்கிலேயரின் தப்பெண்ணங்கள் அப்படியே இடம்பெறுகின்றன. புரட்சி அண்மையிலே வெடிக்கும் என்ற எதிர்கூறலும் பொய்த்தது. ஆயின், 1892 ஆம் ஆண்டு இலண்டன் பதிப்பின் முன்னுரையில், அவ்வெதிர்கூறல் இளமை வேகத்தின் விளைவென எங்கெல்சே ஒப்புக்கொண்டு, அதனை நீக்காது விட்டுவைத்தார். சொன்னது தவறியதை மறையாத நேர்மையையும் மாணவர் இந்நூலிலிருந்தே கற்கலாம்.

அடுத்து, 1848 பெப்ரவரியில் இலண்டனில் அச்சான ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’. இதனைப் படிப்போர் பெரும்பாலும் முதலாம் இயலோடு நின்றுவிடுவர். முதலாளி வர்க்கத்தின் சாதனைகளை அதன் பகைவரே வியந்து போற்றும் அவ்வியல் சிறப்புடையதே. எனினும், பின்வந்த பதிப்புகளின் முன்னுரைகளையும் உடன் படித்தாலன்றி அறிக்கையைப் படித்ததாகாது. 1871 இன் பாரிஸ் கொம்யூன் அனுபவத்தின் பின்னர், உள்ள அரசு இயந்திரத்தை அப்படியே கைப்பற்றித் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தல் தொழிலாளருக்கு இயலாது என 1872 ஆம் ஆண்டு முன்னுரை கூறுகிறது. இரண்டாம் இயலின் இறுதியிலுள்ள வேலைத்திட்டம் சில இடங்களிற் பழமைப்பட்டுவிட்டது என்றும் உரைக்கிறது. ருஷ்யக் கிராமங்களின் பொதுநில முறை பொதுவுடைமைக்கு நேரே வழிவகுக்குமா என்னும் வினாவை 1882 ஆம் ஆண்டு ருஷ்யப் பதிப்பின் முன்னுரை எழுப்பி, மேற்கு நாட்டுப் புரட்சியோடு இணையுமாயின் அது கூடும் என விடை தருகிறது. எல்லா நாடும் இங்கிலாந்தின் வழியே நடந்தாக வேண்டும் என்பது மாக்சின் முடிபு எனக் கருதுவோர் இவ்விரு பக்கங்களைப் படித்தல் நன்று.

‘மூலதனம்’ என்னும் பெருநூலின் முதற்பாகம் 1867 இல் ஹம்பேர்க் நகரில் வெளிவந்தது. பண்டம், மதிப்பு என்பன பற்றிய அதன் தொடக்கப் பகுதி கடினமானது. அங்கே தடுக்கி நூலை மூடிவைத்தோர் பலர். இதற்கு மாக்சே பரிகாரம் கூறியுள்ளார். தம் நண்பரான மருத்துவர் கூகெல்மானுக்கு 1867 நவம்பர் 30 இல் எழுதிய கடிதத்தில், அவருடைய மனைவியார் படித்தற்கு எளியனவாக வேலைநாள், கூட்டுழைப்பும் தொழிற்பிரிவும் இயந்திரமும், ஆதித்திரட்டல் ஆகிய பகுதிகளைக் குறிப்பிடுகிறார். இளம் வாசகர்க்கும் இதுவே நல்வழி. வேலைநாள் பற்றிய இயலில், தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகள் வழியே, உழைக்கும் நேரம் என்பது இயற்கை விதியன்று, இரு தரப்பாரின் நெடும் போராட்டத்தால் வரையறைப்படுவது என்பது நிறுவப்படுகிறது. உடை தைக்கும் இருபது வயதுப் பெண்ணொருத்தி இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாது உழைத்து 1863 இல் இறந்த செய்தி அங்கே பதிவாகியுள்ளது. இவற்றைப் படித்தபின் முதல் இயலுக்கு மீள்பவர்க்கு அதன் அருவக் கருத்துகள் எதனைப் பற்றியன என்பது விளங்கும். மதிப்புக் கொள்கையை மறுத்து ஒஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896 இல் எழுதியதும், அதற்கு ஹில்ஃபெர்டிங் 1904 இல் இறுத்த விடையும் அதன்பின் படிக்கத்தக்கன.

பரபக்கமும் சுபக்கமும் இடதுசாரிகளுக்குள்ளேயே உண்டு. முதலாளித்துவம் எதிர்பார்த்தவாறு குலையவில்லை, நடுத்தர வர்க்கம் மறையவில்லை, ஆதலாற் படிப்படியான சீர்திருத்தமே வழி என 1899 இல் வாதிட்டார் பேர்ண்ஸ்டைன். சீர்திருத்தப் போராட்டம் வழியே, இலக்கன்று என ‘சீர்திருத்தமா புரட்சியா’ என்னும் நூலில் மறுத்தார் ரோசா லக்சம்பேர்க். அவ்வாறே, 1917 இல் எழுதப்பெற்ற லெனினின் ‘அரசும் புரட்சியும்’ நூலை, 1918 இல் லக்சம்பேர்க் சிறையிலிருந்து எழுதிய ‘ருஷ்யப் புரட்சி’யோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். லெனினின் நூல் அரசு உலர்ந்து உதிரும் காலத்தைப் பேசுகிறது. அதன் இறுதி இயல், புரட்சியே குறுக்கிட்டமையால் எழுதப்படாது நின்றது. லக்சம்பேர்க் அப்புரட்சியை ஆதரித்தவர். எனினும் கருத்துச் சுதந்திரமும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒடுக்கப்படின் பொதுவாழ்வு உயிரற்றுப் போகும் என எச்சரித்தார். அவர் 1919 ஜனவரியிற் கொலையுண்டபின், 1922 இலேயே அவ்வெழுத்து வெளிவந்தது. பிற்கால நிகழ்ச்சிகள் அவ்வெச்சரிக்கைக்கு அளித்த விளக்கம் கொடியது.

தென்னாசிய வாசகர்க்கு மேலுமொரு நூல் இன்றியமையாதது. அம்பேத்கர் 1936 இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ இந்தியச் சமதர்மவாதிகளை நோக்கி நேரடியாகவே வினவுகிறது. சாதி தொழிலை மட்டுமன்றித் தொழிலாளரையே படிநிலையாகப் பிரித்து வைத்திருக்க, அவர்கள் ஒரே வர்க்கமாக ஒன்றுதிரள்வது எவ்வாறு என்பது அவ்வினா. இதனை வெறும் இந்திய விவகாரமென யாழ்ப்பாணத்தார் ஒதுக்குதல் இயலாது. 1966 ஒக்ரோபர் 21 இல் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் நடத்தியோர் இடதுசாரிகளே. சாதி தானாகவே மறையுமெனக் காத்திராது அதனை நேரே எதிர்த்தமையே அப்போராட்டத்தின் சிறப்பு.

இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றுக்கு குமாரி ஜயவர்தனா 1972 இல் வெளியிட்ட தொழிலாளர் இயக்க வரலாறு சிறந்த தொடக்கம். 1923 இன் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க, பொருளாதார மந்தக் காலத்தில் மலையாளத் தொழிலாளர்க்கெதிரான பிரசாரத்துக்குத் திரும்பியமையை அறிவோர், வர்க்க உணர்வு இனவுணர்வாகத் திரிவது எத்துணை எளிது என உணர்வர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1956 ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தையும் எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசிற் சேர்ந்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக்கிப் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்த 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர், அக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. கொள்கை கூறும் நூல்களை மட்டும் கற்றோர்க்கு இது புதிராகவே இருக்கும். வரலாற்றையும் கற்றோர் இதற்குக் காரணம் தேடத் தொடங்குவர்.

கைந்நூற் கல்வியின் கொடிய விளைவையும் இந்நாடு கண்டது. மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞர்க்கு ஐந்து வகுப்புகளில் அரசியலைப் புகட்டியது. அவற்றுளொன்று இந்திய விரிவாதிக்கம் பற்றியது. தோட்டங்களில் உழைத்து நலிந்த தமிழ்த் தொழிலாளரை அவ்வாதிக்கத்தின் கருவியாகக் காட்டியது. 1971 ஏப்ரலிற் கிளர்ந்தெழுந்து ஆயிரக்கணக்கில் மாண்டோர், வேலையின்மையால் வாடிய, பெரும்பாலும் கல்வி கற்ற கிராமப்புற இளைஞர். அவர்தம் துயரும் உண்மை, துணிவும் உண்மை. ஆயின் ஏழையருள் ஏழையரைப் பகைவராகக் காட்டிய பாடத்தை அவர்கள் வினவாது ஏற்றமை, அதற்கு மறுப்பான எதனையும் அவர்க்கு எவரும் கற்பியாமையாலேயாம்.

தமிழில் இந்நூல்கள் இல்லை என்னும் சாட்டும் பொருந்தாது. கம்யூனிஸ்ட் அறிக்கை 1931 இலேயே ‘குடிஅரசு’ இதழில் தமிழில் வரத் தொடங்கிற்று. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகள் 1991 இற் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு நின்றன; எனினும் பழைய பிரதிகள் நூலகங்களிற் கிடைக்கின்றன. ‘மூலதன’த்தைத் தியாகு தமிழாக்கியுள்ளார்.

ஆகவே, மாணவர் எங்கெல்சின் நகரக் காட்சியிற் தொடங்கி, முன்னுரைகளோடு அறிக்கையையும், வேலைநாள் இயலையும் கற்று, பின் மறுப்புகளுக்குச் சென்று, ஈற்றில் தம் நாட்டு வரலாற்றில் அவற்றை உரைத்துப் பார்ப்பாராக. இவ்வழிச் செல்வோர் இடதுசாரியாகலாம், ஆகாதும் விடலாம். எவ்வாறாயினும், பிறர் எழுதித்தந்த ஐந்து பாடங்களுக்காகத் தம் உயிரையோ அயலார் உயிரையோ கொடுக்கத் துணியார் என்பது திண்ணம்.